பழைய லோரி வாங்கும் முன் அதன் அடியில் படுத்துப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமரன் மலையிலிருந்து செலாயாங்கில் உள்ள மொத்தச் சந்தையான பாசார் போரோங்கிற்குக் காய்கறி ஏற்ற சொந்தமாக ஒரு 3 டன் லோரி வேண்டும். கையிலும் கடனிலுமாக 60 ஆயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை புரட்டலாம். இரண்டு லோரி பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று ரவாங்கில் ஒரு யார்டில் நிற்கும் ஈசுசு என்பிஆர். 2012 பதிவு, 4எச்எஃப்1 எஞ்சின், பாக்ஸ் பாடி, புதிதாக அடித்த நீலப் பெயின்ட், "எஞ்சின் கல்லு மாதிரி" என்கிறார் புரோக்கர். இன்னொன்று கெப்போங்கில் ஒரு ஹார்ட்வேர் கடைக்காரரின் ஹினோ 300. 2011, ஒரே ஓனர், கேபின் ஒரு பக்கம் நசுங்கி, பெயின்ட் வெளுத்து, காலையில் ஸ்டார்ட் செய்தால் லேசாகப் புகை. எதை எடுப்பது, என்னென்ன பார்ப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் 22 வருடமாக லோரி வைத்திருக்கிறேன். இதுவரை 9 லோரி பழையதாகத்தான் வாங்கினேன். அதில் இரண்டு என்னைக் கடனில் தள்ளின. அந்த இரண்டிலுமே எஞ்சின் அருமையாக இருந்தது. அதனால்தான் எஞ்சினைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். எஞ்சின் போனால், பழைய எஞ்சினும் பாகங்களும் விற்கும் ஹாஃப்கட் கடையில் இன்னொன்று கிடைக்கும். செலவுதான், ஆனால் ஒரு வாரத்தில் லோரி மறுபடி ரோட்டில் நிற்கும். சாசி, அதாவது லோரியைத் தாங்கும் இரும்புச் சட்டம், போனால் லோரியே போயிற்று. கிரானில், அதாவது லோரியின் பதிவுப் பத்திரத்தில், கோளாறு என்றால் லோரி உங்கள் பெயருக்கே வராது. இந்த இரண்டையும் பார்த்து முடிக்காமல் எஞ்சின் பக்கமே போகாதீர்கள்.

கிரானிலிருந்து ஆரம்பிப்போம். கிரானில் உள்ள சாசி நம்பரும் எஞ்சின் நம்பரும் லோரியில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சாசி நம்பர் கேபினில் ஒட்டிய தகட்டிலும் இருக்கும், சாசிக் கட்டையிலேயே அடித்தும் இருக்கும். கட்டையில் அடித்ததைப் பாருங்கள். துருவும் மண்ணும் மூடியிருந்தால் துணியால் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்தின் பள்ளம் நிழலாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் கிரைண்டர் ஓடிய கோடு இருந்தாலோ, சுற்றிலும் துரு பிடித்திருக்க அங்கே மட்டும் பளபளப்பாக இருந்தாலோ, ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் வருடம். பதிவான தேதி வேறு, தயாரித்த வருடம் வேறு. உங்கள் ஈசுசு விஷயத்தில் எனக்கு இங்கேதான் உறுத்துகிறது. 4எச்எஃப்1 என்பது தொண்ணூறுகளில் ஜப்பானில் ஓடிய என்பிஆர்களில் வந்த 4.3 லிட்டர் எஞ்சின். 2012-இல் பதிவான லோரியில் அது இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது ரீபில்ட் லோரி. ஜப்பானிலிருந்து வந்த பழைய கேபினையும் எஞ்சினையும் பாகங்களையும் சேர்த்து இங்கே கட்டிப் பதிவு செய்தது. ரீபில்ட் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. நானே இரண்டு ஓட்டினேன், அதில் ஒன்று 11 வருடம் உழைத்தது. ஆனால் 2012 லோரியின் விலையைக் கொடுத்து 1998 லோரியை வாங்கக் கூடாது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், அடியில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் தயாரித்த தேதி இருக்கும். கேபினின் உண்மையான வயதை அது சொல்லிவிடும்.

கிரானில் எடையையும் பார்க்க வேண்டும். பெராட் டெங்கான் முவாத்தான் என்பது சரக்கோடு சேர்த்து மொத்த எடை, பெராட் தான்பா முவாத்தான் என்பது வெற்று எடை. மொத்த எடையில் வெற்று எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் சட்டப்படி ஏற்றலாம். 5,000 கிலோ மொத்தம், 2,800 வெற்று என்று இருந்தால் 2,200 கிலோதான். ஊரில் எல்லாரும் அதை "3 டன் லோரி" என்பார்கள். சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் தராசுக்கு அந்தப் பெயர் தெரியாது. முட்டைக்கோஸ் மூட்டைகளை வைத்து உங்கள் ஒரு நடைக்கான வருமானத்தைக் கணக்குப் போடும்போது இந்த 2,200-ஐ வைத்துப் போடுங்கள். கணக்கு இடித்தால் உங்களுக்கு வேண்டியது வேறு அளவு லோரி.

கிரானில் எழுதியிருக்கும் பாடியும் கண் முன்னால் நிற்கும் பாடியும் ஒன்றா என்றும் பாருங்கள். சாதாரண கார்கோ என்று பதிந்துவிட்டுப் பின்னால் பாக்ஸ் ஏற்றியிருப்பார்கள். அதைச் சரிசெய்து பதிவதற்குச் செலவும் நாளும் ஆகும். டீசல் விஷயத்திலும் இது இடிக்கும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது நினைவிருக்கும். தகுதியுள்ள சரக்கு வாகனங்களுக்கு மட்டும் ஃபிலீட் கார்டு என்ற டீசல் அட்டை மூலம் பழைய விலை என்றார்கள். அந்தத் தகுதியை கிரானில் இருக்கும் வாகன வகையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். மலை ஏறி இறங்கும் லோரிக்கு டீசல்தான் பெரிய செலவு, அதனால் இதை அலட்சியமாக விடாதீர்கள்.

சரக்கு ஏற்றும் பெர்மிட்டைப் பற்றி ஒரே வார்த்தை. "பெர்மிட்டோடு தருகிறேன்" என்று விற்பவர் சொன்னால் அதற்காக ஒரு வெள்ளி கூடக் கொடுக்காதீர்கள். பெர்மிட் லோரியோடு தானாக வந்துவிடாது. நீங்களே காய்கறி வாங்கி விற்கிறீர்களா, அடுத்தவர் சரக்கை வாடகைக்கு ஏற்றுகிறீர்களா என்பதை உங்கள் கேள்வியில் சொல்லவில்லை. சொந்தச் சரக்கு என்றால் பெம்பாவா சி பெர்மிட், வாடகைக்கு என்றால் பெம்பாவா ஏ பெர்மிட். லோரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பெர்மிட் கொடுக்கும் அபாட் அலுவலகத்தில் விசாரித்து, உங்களுக்கு எது கிடைக்கும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்தவர் பெர்மிட்டில் ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். விபத்து என்று வந்தால் யோசனை சொன்னவர் பக்கத்தில் நிற்க மாட்டார். சம்பொங் பாயார் கதையும் இப்படித்தான். இன்னொருவர் பெயரில் இருக்கும் கடனை நீங்கள் கட்டி லோரியை ஓட்டுவது, வாசலில் நிற்கும் லோரியை ஒருநாள் காலையில் காணாமல் தேடுவதில்தான் முடியும்.

சரி, இப்போது லோரிக்கு அடியில் போகலாம்.

ஒரு பழைய பாய், நல்ல டார்ச், நீளமான ஸ்குரூடிரைவர், சின்னச் சுத்தியல். இவ்வளவு போதும். என்னுடைய முதல் பெரிய தவறு 2009-இல். ஒரு ஹினோ, பார்க்க அழகு, தொட்டால் ஸ்டார்ட். சாசி முழுக்கப் புதுக் கறுப்புப் பெயின்ட். "உங்களுக்காகவே சுத்தம் பண்ணி வைத்தேன்" என்றார் விற்றவர். நான் சந்தோஷப்பட்டேன். அது ஆறு வருடம் மீன் ஏற்றிய லோரி என்று யாரும் சொல்லவில்லை. ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தினமும் பாக்ஸின் அடியிலிருந்து சாசிக்குள் வடிந்திருக்கிறது. சாசிக் கட்டை 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்த மாதிரி மடிந்த இரும்பு, துரு உட்பக்கத்திலிருந்து தின்கிறது, வெளியே தெரியாது. பதினெட்டு மாதம் கழித்து, காராக் நெடுஞ்சாலையில் இறங்கும்போது பின்பக்கத்தில் ஒரு சத்தம். ஓரங்கட்டி, கீழே குனிந்து பார்த்தேன். குறுக்குக் கட்டை ஒன்று முழுதாகப் பிளந்து, ஸ்பிரிங்கைத் தாங்கும் கொண்டி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் சீட்டில் நான்தான் இருந்தேன், பக்கத்தில் என் மனைவியின் தம்பி. அன்றைக்கு இருவரும் உயிரோடு வீட்டுக்கு வந்தோம் என்பதை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

ஆகவே சாசியில் புதுப் பெயின்ட்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள். ஒரு பக்கம் முன்னாலிருந்து பின்னால் வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று மணி மாதிரி சொல்லும். தின்றுபோன இடம் 'டப்' என்று மந்தமாக விழும், பெயின்ட் செதில் செதிலாக உதிரும். அங்கே ஸ்குரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். பின் அச்சுக்கு மேலே, ஸ்பிரிங் கொண்டிகளைச் சுற்றி, கேபினுக்குப் பின்னால் பாக்ஸ் ஆரம்பிக்கும் இடம், இந்த மூன்றும் முக்கியம், விரிசல் அங்கேதான் விழும். வெல்டிங் செய்த கோடு, ஒட்டுப் போட்ட தகடு, வரிசையில் மற்றதெல்லாம் ரிவெட்டாக இருக்க ஓரிடத்தில் மட்டும் போல்ட், இவையெல்லாம் பழைய காயத்தின் தழும்புகள். ஸ்பிரிங் கட்டில் மற்ற தகடுகளைவிடப் புதிதாக ஒன்றிரண்டு தகடு சேர்த்திருந்தால், அந்த லோரியை அளவுக்கு மீறி ஏற்றி ஓட்டியிருக்கிறார்கள். சிமென்ட் ஏற்றும் ஹார்ட்வேர் கடை லோரிகளில் இதை நிறையப் பார்க்கலாம், உங்கள் கெப்போங் ஹினோவில் இதை முதலில் தேடுங்கள்.

சாசி வளைந்திருக்கிறதா என்பதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. மழை பெய்து ஓய்ந்த நேரமாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள். லோரியை அந்த ஈரத்தில் ஏற்றி, காய்ந்த சிமென்ட் தரையில் நேராக இருபது அடி ஓட்டச் சொல்லுங்கள். முன் டயரின் ஈரத் தடமும் பின் டயர்களின் தடமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைய வேண்டும். பின் தடம் ஒரு பக்கம் தள்ளி விழுந்தால் லோரி நண்டு மாதிரி நடக்கிறது. விபத்தில் சாசி திருகியிருக்கலாம், அச்சு நகர்ந்திருக்கலாம். எதுவானாலும் டயரைத் தின்றுகொண்டே இருக்கும்.

அடியில் படுத்தபடியே ஒருவரை ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் இடமும் வலமும் ஆட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டையும் கண்ணால் தொடருங்கள். மூட்டு ஆடி, அதற்கு அடுத்த கம்பி அசையாமல் நின்றால் அங்கே தேய்மானம். பெட்டி ஆயில் கசிகிறதா, அதைச் சாசியில் பிடித்திருக்கும் போல்ட்டுகளே அசைகின்றனவா என்றும் பாருங்கள். 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய ஒரு லோரி கலகத் தடுப்புப் போலீசாரின் லோரியோடு மோதி 9 போலீஸ்காரர்கள் இறந்தார்கள். விசாரணையில் வந்தவை ஸ்டீயரிங் பழுதும் அளவு மீறிய பாரமும். அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் லோரிகள் எல்லாவற்றின் ஸ்டீயரிங்கையும் மறுபடி பார்க்கச் சொன்னேன். இந்த ஐந்து நிமிடத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் முன் சக்கரம் திரும்பும் முளையான கிங்பின். பேரிங் சின்னச் செலவு. கிங்பின்னும் செய்யக்கூடியதுதான், ஆனால் விலையில் குறைத்துக் கேட்க வேண்டும்.

பிரேக் உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டில், பாரத்தோடு, வெறும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகி மிதி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அங்கே காப்பாற்றுவது கியரும், புகைக் குழாயை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும். பழைய லோரிகளில் எக்சாஸ்ட் பிரேக் அசையாமல் இறுகிப்போய், யாரும் கவனிக்காமல் விட்டிருப்பார்கள். ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவது கியரில் சுவிட்சைப் போட்டுக் காலை எடுங்கள். எஞ்சின் சத்தம் அடங்கி, லோரியைப் பின்னாலிருந்து யாரோ இழுப்பது மாதிரி இருக்க வேண்டும். எதுவும் மாறவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை. ஹேண்ட்பிரேக்கை சரிவில் நிறுத்திப் பாருங்கள். இந்த லோரிகளில் அது பெரும்பாலும் கியர்பாக்ஸின் பின்னால் உள்ள டிரம்மைத்தான் பிடிக்கும். ஆயில் கசிந்து அதில் ஊறியிருந்தால் ஒன்றும் பிடிக்காது.

டயரில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்று இருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம். முன்னால் செலுப் டயர் (பழைய டயரில் புது ரப்பர் ஒட்டியது) போட்டிருந்தால் மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள், முன் அச்சில் செலுப் வேண்டாம். ஆறு டயரும் ஆறு கம்பெனி என்றால் பராமரிப்பு எப்படி இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். ஆறும் பளபள புதிது என்றால், பணம் கொடுக்கும் நாளிலும் அதே டயர்தான் இருக்கிறதா என்று நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

"போன மாதம்தான் புஸ்பாகோம் பாஸ்" என்பார்கள், வாகனச் சோதனை நிலையத்தில் தேறிவிட்டது என்று அர்த்தம். வர்த்தக வாகனம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும், பெயர் மாற்றத்துக்கும் தனியாகப் போக வேண்டும். அந்தச் சீட்டு அன்றைய நாளின் நிலைமையைச் சொல்கிறது. கிங்பின் எத்தனை மாதம் தாங்கும், கிளட்ச் எப்போது போகும் என்று சொல்வது அதன் வேலை இல்லை. கிடைத்தால் பழைய சீட்டுகளையும் கேளுங்கள். ஒரே ஓனர் லோரியில் அவை டேஷ்போர்டுக்குள்ளேயே கிடக்கும். எது எதற்காக ஃபெயில் ஆனது என்று வரிசையாகப் படித்தால் அந்த லோரியின் நோய் என்னவென்று தெரிந்துவிடும்.

இப்போது எஞ்சின். சொல்லாமல் காலையில் ஏழரை, எட்டு மணிக்குப் போய் நில்லுங்கள். முதலில் எஞ்சின் பிளாக்கில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ ஸ்டார்ட் செய்து சிரமத்தை மறைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது லேசாக வெள்ளைப் புகை வந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். உங்கள் ஹினோவின் புகை அப்படியானதா என்று பாருங்கள். சூடான பிறகும் நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, திறந்த வாயின் மேல் சும்மா கவிழ்த்து வையுங்கள். மூடி அங்கேயே கிடந்தால் நல்லது. குதித்துக் கீழே விழுந்தால், புகை புஸ் புஸ்ஸென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே திறந்து பாருங்கள், தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ போயிருக்கிறது.

4எச்எஃப்1 மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின். எந்த ஃபோர்மேனும் (மெக்கானிக்கும்) திறந்து மூடுவார். ஹினோவில் இருப்பது என்04சி எஞ்சின் என்றால் அது காமன் ரெயில், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பாய்ச்சும் வகை, டீசல் குறைவாகக் குடிக்கும், ஆனால் இன்ஜெக்டர் போனால் பில் பெரிது, ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் வேண்டும். ஹினோ எடுப்பதாக இருந்தால் ஸ்கேனரை மாட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஃபோர்மேனுக்கு அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். விற்பவர் காட்டும் ஃபோர்மேனை நம்பி இருக்க வேண்டாம்.

கிளட்சுக்கு, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு மூன்றாவது கியரில் மெதுவாக விடுங்கள், எஞ்சின் உடனே அணைய வேண்டும். ஓட்டும்போது ஒவ்வொரு கியரிலும் வேகமெடுத்துச் சட்டென்று காலை எடுங்கள், கியர் தானாக வெளியே குதித்தால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டியிருக்கும். மீட்டர் காட்டும் கிலோமீட்டரை விட்டுவிடுங்கள், மீட்டரே மாறியிருக்கலாம். மிதிகளின் ரப்பர் தேய்மானம் அதைவிட உண்மை பேசும்.

கடைசியாக பாக்ஸுக்குள் ஏறிக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். நடுப்பகலில், உள்ளே இருட்டில் ஒரு நிமிடம் நின்றால் கண் பழகிவிடும், கூரையில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கேயெல்லாம் மழை ஒழுகும். கீரைக்கும் பீன்ஸுக்கும் அது ஆகாது. பிளைவுட் தரையை ஓரங்களில் குதிகாலால் அழுத்துங்கள், ஊறிப்போன இடம் அமுங்கும். பாக்ஸுக்குள் மீன் வாடை வந்தால் நான் 2009-இல் செய்யாததைச் செய்யுங்கள், திரும்பிப் பார்க்காமல் நடங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை 60 ஆயிரம் இருந்தால் 48, 50-க்குள் லோரியை முடியுங்கள். மீதி டயர், இரண்டு பேட்டரி, பிரேக், எல்லா ஆயிலும் ஃபில்டரும், இன்சூரன்ஸ், ரோட்டேக்ஸ் என்று முதல் மாதத்திலேயே போய்விடும். முன்பணத்துக்கு ரசீது, அதில் சாசி நம்பர், பெயர் மாற்றம் முடிந்த பிறகே மீதிப் பணம். பேங்க் கடன் பாக்கி இருந்தால் பேங்க் கொடுத்த செட்டில்மென்ட் கடிதத்தை நீங்களே கண்ணால் பாருங்கள். சம்மன், கரும்பட்டியல் இருக்கிறதா என்பதை ஜேபிஜேயில் முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

உங்கள் இரண்டில் நான் ஹினோவைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். நசுங்கிய கேபின் சரக்கு ஏற்றும் வேலையைத் தடுக்காது, ஒரே ஓனரின் லோரிக்கு ஒரு வரலாறு இருக்கும், அவரிடம் கேள்வி கேட்கலாம். சிமென்ட் ஏற்றிய சாசி தாங்கியிருக்கிறதா, இன்ஜெக்டர் எப்படி என்ற இரண்டும் சரியாக வந்தால், கேபினைக் காட்டி விலையைக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஈசுசுவை ரீபில்ட் விலைக்குத் தருவதானால் மட்டும் பாயை எடுத்துக்கொண்டு ரவாங் போங்கள். அந்த நீலப் பெயின்ட் சாசிவரை இறங்கியிருந்தால் முதலில் சுத்தியலை வெளியே எடுங்கள்.